விலை கூடிய பெட்ரோல் உங்கள் காருக்கு வேண்டுமா?

பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கங்களிலும் பெட்ரோலைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. பெட்ரோல் பங்கில் 'பவர்', 'பிரீமியம்' என்ற பெயர்களில் கூடுதல் விலைக்கு விற்கும் பெட்ரோல் எந்தக் காருக்கும் நல்லது, அதைப் போட்டால் இழுவை கூடும், மைலேஜ் கூடும், இஞ்சின் நெடுநாள் உழைக்கும் என்பது முதலாவது. இது நாடெங்கும் இருக்கிற நம்பிக்கை. இரண்டாவது எல்லையோரத்துக்கே உரியது. கேரளத்தில் பெட்ரோல் விலை அதிகம், தமிழ்நாட்டில் குறைவு, ஆகவே கேரளத்துப் பெட்ரோல்தான் தரமானது என்பது அது. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக் கார்கள் எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு திரும்புகின்றன. விலைக்காக வருகிறவர்களே, "தரம் கொஞ்சம் குறைவாக இருக்கும், அதனால் இங்கே பவர் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எல்லை தாண்டி மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு வாக்கியத்திலேயே கரைந்துவிடுகிறது.

மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறிய கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் 50 லிட்டர் பெட்ரோல் வேண்டும். சாதா பெட்ரோலைவிட லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் மாதம் 400 ரூபாய், ஆண்டுக்கு 4,800 ரூபாய். ஒரு குடும்பம் ஆண்டுதோறும் இவ்வளவு தொகையை எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கக்கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. வேதியியல் பட்டம் எதுவும் வேண்டாம். இஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், பங்கில் "சாதாவா, பவரா அண்ணா?" என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்.

சைக்கிள் பம்பும் சிலிண்டரும்

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் எல்லோருக்கும் ஒன்று தெரியும். பத்து இருபது முறை வேகமாக அடித்ததும் பம்பின் அடிப்பகுதி கையில் சுடும். நெருப்பு வைக்கவில்லை, வெயிலும் படவில்லை. காற்றை நெருக்கி அழுத்தியதால் மட்டுமே அந்தச் சூடு பிறந்தது. எந்த வாயுவை விரைந்து அழுத்தினாலும் அது சூடாகும்.

பெட்ரோல் இஞ்சினின் சிலிண்டர் ஏறத்தாழ அந்தப் பம்பைப் போன்றதுதான். உள்ளே ஏறி இறங்கும் உலோகக் கட்டைக்குப் பெயர் பிஸ்டன். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உள்ளே வருகின்றன. மேலே ஏறும்போது அந்தக் கலவை நெருக்கப்படுகிறது. பத்துப் பங்கு இடத்தில் இருந்த கலவை ஒரு பங்கு இடத்துக்குள் அடக்கப்பட்டால், அந்த இஞ்சினின் அழுத்த விகிதம் 10 என்கிறோம். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சாதாரண கார்கள் பெரும்பாலும் 9 முதல் 12 வரையிலான விகிதத்தில் இருக்கும். சைக்கிள் பம்பில் கை சுடும் அளவுக்கு இருந்த சூடு இங்கே சில நூறு டிகிரியை எட்டிவிடுகிறது.

பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னதாக ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைத் தெறிக்கவிடுகிறது. பொறி பட்ட இடத்தில் தீ பிடித்து, அங்கிருந்து ஒரு விளிம்பாக நாலா பக்கமும் பரவுகிறது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இது நொடிக்கு 25 முறை நடக்கிறது.

நாம் வெடிப்பு என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், ஒழுங்காக ஓடும் இஞ்சினில் நடப்பது வெடிப்பே இல்லை. ஓர் ஓரத்தில் தொடங்கி மறு ஓரம்வரை வரிசையாகச் செல்லும் எரிதல் அது. இந்த ஒழுங்குதான் அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஒழுங்கு கெடும்போது

தீ விளிம்பு பரவிக்கொண்டிருக்கும்போது, எரியாமல் மிச்சம் இருக்கும் கலவை சிலிண்டரின் தொலைவான மூலைகளில் ஒதுங்கியிருக்கிறது. பிஸ்டன் அழுத்தியதால் அது ஏற்கெனவே சூடு. இப்போது எரிந்த வாயுவும் விரிந்து அதை இன்னும் நெருக்குகிறது. சூடு மேலும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில், தீ விளிம்பு வந்து சேருவதற்கு முன்பே அந்த மிச்சக் கலவை தானாகவே பற்றிக்கொள்கிறது, அதுவும் முழுவதுமாக ஒரே கணத்தில். அதன் அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவரிலும் பிஸ்டன் தலையிலும் மோதுகிறது. வெளியே இருக்கும் நமக்கு அது சுத்தியலால் இரும்பைச் சன்னமாகத் தட்டுவது போன்ற 'டிக் டிக்' ஓசையாகக் கேட்கிறது. மெக்கானிக்குகள் "நாக் அடிக்கிறது" என்பார்கள். இந்தக் கட்டுரையில் நாக்கிங் என்று சொல்கிறேன்.

எப்போதாவது இரண்டு தட்டு கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை. பாரத்தோடு நீண்ட நேரம் அடித்துக்கொண்டே இருந்தால் பிஸ்டன் தலை அரிக்கப்படும், வளையங்கள் உடையும், சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போகும். செலவு பல்லாயிரம் ரூபாயில் வரும்.

அப்படியானால் கலவையைக் குறைவாக அழுத்தினால் போதுமே என்று தோன்றலாம். அதில்தான் சிக்கல். எவ்வளவு நெருக்கி எரிக்கிறோமோ, அவ்வளவு அதிக வேலையை அதே பெட்ரோலிலிருந்து வாங்கலாம். எனவே அழுத்தத்தை முடிந்தவரை உயர்த்தப் பார்க்கிறார்கள் இஞ்சினை வடிவமைப்பவர்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தும் வேலி நாக்கிங். அந்த வேலி எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது பெட்ரோலின் ஒரு குணம். அதைத்தான் ஆக்டேன் எண் அளக்கிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: அழுத்தினால் சூடேறும்; சூடு மிஞ்சினால் பெட்ரோல் பொறிக்குக் காத்திராமல் தானே பற்றும்; அந்த ஒழுங்கற்ற எரிதலுக்குப் பெயர் நாக்கிங்.

ஆக்டேன் எண் சொல்வது

நெருக்கி அழுத்தினாலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்கும் திறனுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணே ஆக்டேன் எண். இதற்கு இரண்டு தூய பொருள்களை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஐசோ ஆக்டேன் நன்றாகப் பொறுக்கும், அதற்கு 100. ஹெப்டேன் சட்டென்று பற்றிக்கொள்ளும், அதற்கு 0. அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய ஒரு சோதனை இஞ்சினில் பெட்ரோலை ஓட்டிப் பார்க்கிறார்கள். 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த நிலையில் நாக் அடிக்கிறதோ, அதே நிலையில் உங்கள் பெட்ரோலும் அடித்தால் அதன் எண் 91. அந்தப் பெட்ரோலில் 91 விழுக்காடு ஆக்டேன் இருக்கிறது என்று இதற்குப் பொருள் கிடையாது. நடத்தையைத்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள், உள்ளடக்கத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களோடு பேசும்போது ஒரு குழப்பம் வரும். இந்தியாவில் எழுதப்படும் எண்ணுக்கு ஆர்.ஓ.என். என்று பெயர். அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் எழுதியிருப்பது இதோடு இன்னொரு கடுமையான சோதனையின் எண்ணையும் கூட்டி எடுத்த சராசரி. அதனால் அங்கே 87 என்று விற்பது நம் கணக்கில் ஏறத்தாழ 91 அல்லது 92. "அமெரிக்காவிலேயே 87தான் போடுகிறார்கள்" என்று யாராவது சொன்னால் இரண்டும் வேறு வேறு அளவுகோல் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த எண்ணை உயர்த்துவதற்காக மனிதர்கள் செய்த ஒரு கொடுமையையும் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் நாக்கிங் நிற்கிறது என்று கண்டுபிடித்தார். ஈயம் நஞ்சு என்பது அன்றே தெரிந்த செய்தி. இருந்தும் பல பத்தாண்டுகள் உலகெங்கும் புகைக்குழாய் வழியாக ஈயம் காற்றில் கலந்தது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல் நின்றது. இன்று ஆக்டேனைச் சுத்திகரிப்பு முறைகளாலும் எத்தனால் போன்ற கலப்புகளாலும் உயர்த்துகிறார்கள். பங்கில் பெருமையாக எழுதிவைக்கப்படும் அந்த எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

கூடுதல் ஆக்டேன் கூடுதல் ஆற்றலா?

இதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். எண் பெரிதாக இருந்தால் சக்தியும் பெரிதாக இருக்கும் என்று மனம் தானாகவே எண்ணிவிடுகிறது. விளம்பரங்களும் சீறிப்பாயும் வண்டிகளையே காட்டுகின்றன.

எத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆக்டேன் எண் சுமார் 108, பெட்ரோலைவிட மிக உயரம். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது என்றால், ஒரு லிட்டர் எத்தனாலில் இருப்பது சுமார் 21 மெகாஜூல்தான். ஆக்டேன் ஏறுகிறது, ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் இப்படி நடக்க வழியே இல்லை. ஆக்டேன் எண் பெட்ரோலின் பொறுமையைச் சொல்கிறது. அதன் ஆற்றலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

பிறகு பந்தயக் கார்களுக்கும் விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள்களுக்கும் ஏன் 100 ஆக்டேன் போடுகிறார்கள்? அந்த இஞ்சின்கள் மிக அதிகமாக அழுத்துகின்றன. குறைந்த ஆக்டேன் போட்டால் நாக் அடிக்கும். அவற்றின் கூடுதல் திறன் அழுத்தத்திலிருந்து வருகிறது. உயர்ந்த ஆக்டேன் அந்த அழுத்தத்தை அனுமதிக்கிறது, அவ்வளவுதான். விகிதம் 10 என்று வார்த்து முடித்த உங்கள் கார் இஞ்சின், 100 ஆக்டேன் ஊற்றினாலும் 10க்கு மேல் அழுத்தாது. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகம் செய்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அதை ஒரு சாதாரணக் குடும்பக் காரில் ஊற்றினால், அந்தப் பொறுமையைச் சோதிக்கும் நிலையே இஞ்சினுக்குள் வராது.

அமெரிக்காவின் 'ட்ரிபிள் ஏ' என்ற வாகன ஓட்டிகள் சங்கம் இதைச் சோதித்தே பார்த்தது. சாதா பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் பிரீமியம் ஊற்றியதால் திறனிலோ மைலேஜிலோ புகையிலோ பொருட்படுத்தத்தக்க பயன் இல்லை என்று 2016இல் அறிவித்தது. முந்தைய ஓராண்டில் அமெரிக்கர்கள் இப்படி 210 கோடி டாலருக்கு மேல் வீணாக்கியிருக்கிறார்கள் என்றும் கணக்கிட்டது. மறு ஆண்டு, "பிரீமியம் பரிந்துரைக்கப்படுகிறது" என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் கார்களைச் சோதித்தபோது சராசரியாக மைலேஜ் 2.7 விழுக்காடும் திறன் 1.4 விழுக்காடும் கூடின. பயன் உண்டு, ஆனால் சிறிது. அதுவும் அதற்காகவே அமைந்த கார்களில் மட்டும்.

காரே காது கொடுத்துக் கேட்கிறது

இன்றைய கார்களில் இஞ்சின் உடம்போடு ஒரு சிறிய உணரி திருகப்பட்டிருக்கும். நாக்கிங் ஓசைக்கு உரிய அதிர்வை அது உணர்ந்ததும் காரின் கணினிக்குச் செய்தி போகும். கணினி உடனே ஸ்பார்க் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். தாமதமாகப் பற்றவைத்தால் உச்ச அழுத்தம் குறையும், நாக்கிங் அடங்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: இழுவை கொஞ்சம் குறையும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

இதிலிருந்து யாருக்குப் பயன், யாருக்கு இல்லை என்பது தானாகவே விளங்கிவிடும். உங்கள் கார் 95 ஆக்டேன் கேட்கும் கார் என்றால், அதற்குக் குறைந்ததைப் போட்டாலும் ஓடும். ஆனால் கணினி எப்போதும் பொறியைத் தள்ளிவைத்துக்கொண்டே இருக்கும்; சரியான பெட்ரோல் போட்டதும் இழந்தது திரும்ப வரும். 91 போதும் என்று அமைந்த காரில் பொறி ஏற்கெனவே உரிய நேரத்தில்தான் விழுகிறது. 95 போட்டாலும் திரும்ப வருவதற்கு அங்கே எதுவும் இல்லை.

டர்போ இருக்கும் கார்களைத் தனியே சொல்ல வேண்டும். உள்ளே வரும் காற்றை முன்கூட்டியே நெருக்கித் தள்ளும் விசிறிக்கு டர்போ என்று பெயர். ஒரு லிட்டர் அளவுள்ள சிறிய இஞ்சினிலிருந்து பெரிய இஞ்சினின் இழுவையை வாங்க இப்போது பல நிறுவனங்களும் இதை வைக்கின்றன. காற்று நெருக்கப்பட்டே உள்ளே வருவதால் நாக்கிங் ஆபத்தும் கூடும். இத்தகைய கார் வைத்திருப்பவர்கள் கையேட்டையும் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பையும் கட்டாயம் படிக்க வேண்டும். 95 என்று எழுதியிருந்தால் தயங்காமல் அதையே போடுங்கள். அங்கே காசைப் பார்க்கக்கூடாது.

டீசல் வண்டிகளுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அங்கே எரிபொருள் தானாகப் பற்றுவதுதான் வேலையே.

பிரீமியம் என்ற பெயருக்குள் இரண்டு சரக்கு

பங்கில் ஒரே பெயரில் இரண்டு வேறு பயன்களை விற்கிறார்கள். ஒன்று, ஆக்டேன் எண் உயர்ந்த பெட்ரோல். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95 போன்றவை. எண்ணைப் பெயரிலேயே பார்க்கலாம். மற்றொன்று, ஆக்டேனை உயர்த்தாமல், கழுவும் மருந்துகள் கூடுதலாகச் சேர்த்த பெட்ரோல். டிடர்ஜென்ட் என்று சொல்லப்படும் இந்த மருந்து, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் முனையிலும் வால்வுகளிலும் படியும் பிசினையும் கார்பனையும் மெல்லக் கரைக்கிறது.

கழுவும் மருந்துக்கு உண்மையான பயன் உண்டு. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடிச் சூடேறாமலே நிறுத்தப்படும் காரிலும், பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட காரிலும் படிவு சேரும். கார்பன் படிந்த சிலிண்டரில் இடம் குறைந்து அழுத்தம் கூடுவதால் நாக்கிங்கும் வரும். அந்த நிலையில் சில டேங்க் பிரீமியம் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆண்டு முழுவதும் போட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சில புதிய இஞ்சின்களில் பெட்ரோல் வால்வுக்கு முன்னால் விழாமல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. அங்கே உள்ளிழுக்கும் வால்வின் மேல் பெட்ரோலே படுவதில்லை. எனவே எவ்வளவு நல்ல மருந்து கலந்தாலும் அந்த வால்வு சுத்தமாகாது.

சுருக்கம்: 95 என்ற எண்ணுக்குக் காசு கொடுக்கிறீர்களா, கழுவும் மருந்துக்குக் கொடுக்கிறீர்களா என்று பங்கிலேயே கேளுங்கள். உங்கள் காருக்கு அந்த இரண்டில் எது தேவை என்பது அதற்கு முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனால் வந்த பிறகு மாறியது

நம் நாட்டில் சாதா பெட்ரோலின் எண் முன்பு 88. பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) எனப்படும் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில் பி.எஸ்.4 காலத்தில் 91. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள்; பங்கில் இ20 என்று எழுதியிருப்பது அதைத்தான். எத்தனாலின் உயர்ந்த ஆக்டேனால், இ20 கலந்த சாதா பெட்ரோலின் எண் 95ஐ எட்டிவிட்டது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் தெளிவுபடுத்தியது.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். 95 ஆக்டேன் என்ற எண்ணுக்காக லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு, ஆக்டேன் அளவில் அந்த வேறுபாடு பெருமளவு மறைந்துவிட்டது. மிச்சம் இருப்பது கழுவும் மருந்து மட்டும்.

"மைலேஜ் குறைந்துவிட்டது, பிரீமியம் போட்டால் சரியாகும்" என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். மைலேஜ் குறைவது உண்மைதான், காரணத்தை மேலே பார்த்தோம்: எத்தனாலில் ஆற்றல் குறைவு. தூய பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20இல் லிட்டருக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு ஆற்றல் குறைகிறது. ஆனால் பிரீமியம் என்ற பெயர் எத்தனால் இல்லை என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எத்தனால் கலந்த பிரீமியமும் விற்கிறது. அதைப் போட்டு மைலேஜ் திரும்பும் என்று காத்திருப்பது வீண்.

எல்லைக்கு இரு பக்கமும் ஒரே சரக்கு

இப்போது நம் எல்லைக் கணக்குக்கு வருவோம். கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லிட்டருக்குச் சில ரூபாய் வேறுபாடு இருக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் வரிதான். மத்திய அரசின் கலால் வரி நாடு முழுவதும் ஒன்றே. மாநில வரிதான் மாறுகிறது. கேரளம் பெட்ரோலுக்குச் சுமார் 30 விழுக்காடு விற்பனை வரி வாங்குகிறது. அதன்மேல் 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்புக்காக லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரியும் சேர்ந்தது. தமிழ்நாடு வேறு முறையில் வரி போடுகிறது. 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. விலைப் பலகையில் நாம் பார்க்கும் வேறுபாடு இந்த முடிவுகளின் விளைவு.

தரத்தைப் பொறுத்தவரை இரு மாநிலத்துக்கும் 2020 ஏப்ரலில் வந்த ஒரே பி.எஸ்.6 விதி. கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மிகக்கூடாது என்பது காசர்கோட்டுக்கும் கன்னியாகுமரிக்கும் பொதுவான விதி. முன்பு பி.எஸ்.4 காலத்தில் அது 50 ஆக இருந்தது.

இதைவிட அழுத்தமான சான்று நம் காலடியிலேயே புதைந்து கிடக்கிறது. கொச்சி அம்பலமுகளில் இருக்கும் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பெட்ரோலியப் பொருள்களைக் கொண்டுசெல்லும் குழாய் ஒன்று, கோவையை அடுத்த இருகூர் வழியாகக் கரூர்வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீள்கிறது. இந்தப் பாலக்காட்டுக் கணவாயில்தான் அது மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கிறது. கோவைப் பக்கத்துப் பங்குகளுக்கு வரும் பெட்ரோலில் ஒரு பகுதி கேரளத்தில் சுத்திகரித்ததே. ஒரு நிறுவனத்தின் ஆலையிலிருந்து மற்ற நிறுவனங்களும் சரக்கு எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். "கேரளத்துப் பெட்ரோல்தான் உயர்ந்தது" என்று நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவர், பல நேரம் அதே ஆலையின் பெட்ரோலையே வாங்கிக்கொண்டிருக்கிறார்.

வால்பாறை ஏறும்போது தட்டினால்

நாக்கிங் ஓசையை நம் பகுதியில் பலரும் முதன்முதலாகக் கேட்பது மலைப்பாதையில்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். நெல்லியாம்பதிக்கும் போத்துண்டி தாண்டியதும் ஏற்றம்தான். மார்ச், ஏப்ரலில் கணவாய்ப் பகுதி வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். குடும்பத்தோடு ஐந்து பேர், மூட்டை முடிச்சு, ஏ.சி. வேறு. உள்ளே வரும் காற்றே சூடு, இஞ்சினுக்குப் பாரமும் அதிகம். நாக்கிங்குக்கு வேண்டிய எல்லாம் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

அப்போது ஓட்டுநர் செய்யும் பெருந்தவறு, மூன்றாவது கியரிலேயே விடாப்பிடியாக ஆக்சிலேட்டரை மிதிப்பது. இஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் முழுப் பாரத்தையும் இழுக்கிறது. கலவை நீண்ட நேரம் சூடான நெருக்கடியில் கிடப்பதால் தானாகப் பற்றுவதற்குப் போதிய அவகாசம் கிடைக்கிறது. உடனே இரண்டாவது கியருக்கு மாற்றுங்கள். இஞ்சின் வேகமாகச் சுற்றும், சத்தம் கூடும், ஆனால் அந்தத் 'டிக் டிக்' பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. மேலே போகப் போகக் காற்று லேசாவதால் டர்போ இல்லாத கார்களில் நாக்கிங் இன்னும் குறையும்.

கியர் மாற்றியும் தட்டல் நிற்கவில்லையா? சமவெளியிலும் கேட்கிறதா? அப்போது பெட்ரோலை மாற்றுவதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இஞ்சின் கூடுதலாகச் சூடாவது, கார்பன் படிவு, பொருத்தமில்லாத ஸ்பார்க் பிளக், பழுதான உணரி, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். உயர்ந்த ஆக்டேன் அந்த ஓசையை அமுக்கிவிடக்கூடும். பழுது அப்படியே உள்ளே வளரும்.

கலப்படம் என்ற தனிக் கவலை

பெட்ரோலின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட நியாயமான காரணம் ஒன்று உண்டு. அது கலப்படம். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் எண் மிக மிகக் குறைவு. சிறிது கலந்தாலும் நல்ல இஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் பங்கின் நிலத்தடித் தொட்டிக்குள் நீர் புகுந்தாலும் தொல்லைதான், எத்தனால் நீரை ஈர்த்துக்கொள்ளும் என்பதால் இப்போது அது இன்னும் முக்கியம். இந்த ஆபத்துக்கு எல்லைக்கோடும் தெரியாது, பிரீமியம் பலகையும் தெரியாது. நேர்மையான பங்கின் சாதா பெட்ரோல், நேர்மையற்ற பங்கின் பிரீமியத்தைவிட உங்கள் காருக்கு நல்லது.

வாடிக்கையாளர் கேட்டால் சோதித்துக் காட்ட வேண்டியது பங்கின் கடமை. வடிதாள் (ஃபில்டர் பேப்பர்) ஒன்றைக் கேளுங்கள். குழாய் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் ஆவியாகிக் கறையில்லாமல் மறைந்தால் நல்லது. பெட்ரோலின் சாயத்தால் வரும் மெல்லிய இளஞ்சிவப்பு நிறம் மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டாம். எண்ணெய்க் கறை நின்றால் சந்தேகிக்கலாம். அடுத்து அடர்த்தி. அன்று பதிவு செய்த அடர்த்தியைப் பங்கில் எழுதி வைத்திருப்பார்கள். மிதவைமானியும் (ஹைட்ரோமீட்டர்) வெப்பமானியும் கொண்டு உங்கள் முன்னால் அளந்து, 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்டால் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபடக்கூடாது. வேறுபட்டால் அங்கே எந்தப் பெட்ரோலும் போட வேண்டாம். பங்கின் பலகையில் எண்ணெய் நிறுவன விற்பனை அதிகாரியின் தொலைபேசி எண் இருக்கும். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, பங்கை விட்டு வெளியேறும் முன்பே அவரை அழைத்துச் சொல்லுங்கள்.